ஸ்பெயினுக்குப் போகாத எட்மண்ட்

தாம்பரத்தில் ஸ்பானிஷ் படிக்க வருகிறவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். கம்பெனியில் அந்தப் பாஷைக்குத் தனி வேலை இருக்கிறது என்று வருகிறவர்கள் ஒரு வகை. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. எட்மண்ட் இரண்டிலும் சேரவில்லை. அவருக்கு வயது அறுபத்தொன்று. ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் உதவியாளராக இருந்து, கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கழுவி ஓய்வு பெற்றவர். பாஸ்போர்ட் கிடையாது. பெங்களூரைத் தாண்டியதும் கிடையாது.

அவர் ஸ்பானிஷுக்கு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் மொழி வகுப்பு நடக்கிறது. வாசல் போர்டில் ஜெர்மன் காலை ஏழு மணி, பிரெஞ்சு பதினொரு மணி, ஸ்பானிஷ் மாலை ஐந்து மணி என்று எழுதியிருந்தது. எட்மண்டுக்கு வேண்டியிருந்தது அந்த ஐந்து மணிதான். அங்கே ஜப்பான் பாஷை என்று போட்டிருந்தால் இந்நேரம் ஜப்பான் பாஷை படித்துக்கொண்டிருப்பார்.

அவரும் அவருடைய அக்கா சாராளும் கல்யாணம் செய்துகொள்ளாமலே சேலையூர் வீட்டில் ஒன்றாக இருந்தவர்கள். சாராள் பள்ளிக்கூட டீச்சர். ஐந்து மணிக்கு வீடு திரும்பி, கைப்பையை வைத்த கையோடு காபி போட்டு, ஏழு மணி வரைக்கும் அன்றைக்கு நடந்தது அத்தனையையும் தம்பியிடம் கொட்டித் தீர்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வகுப்புக்குப் பதில் தெருவைப் பற்றிப் பேசினார். சபையில் பெண்கள் ஐக்கியம், தெருவில் சீட்டு, பக்கத்து வீட்டுப் பட்டு மாமியோடு கோலமாவு முதல் கொத்துமல்லி வரை கொடுக்கல் வாங்கல் என்று வீட்டில் எப்போதும் ஆள் நடமாட்டம். எட்மண்ட் அந்த நடமாட்டத்துக்குள் சும்மா உட்கார்ந்திருப்பார். எல்லோரும் தன்னையும் பார்க்க வருகிறார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சாராள் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அடக்கத்துக்கு வந்தார்கள், ஆறுதல் கூட்டத்துக்கு வந்தார்கள், அத்தோடு சரி. இரண்டு வருஷமாக அந்த வீட்டின் காலிங் பெல்லை கேஸ் சிலிண்டர்காரரைத் தவிர யாரும் அழுத்தியதில்லை.

பகலைக்கூட ஓட்டிவிடலாம். ஐந்து மணியைத்தான் அவரால் ஓட்ட முடியவில்லை. ஆகவே ஸ்பானிஷ்.

வகுப்பெடுப்பது ஸ்நேகா. இருபத்தெட்டு வயது, அதட்டாத குரல், தப்புக்குச் சிவப்பு மையில் ஒரு சின்ன வட்டம். மற்ற எட்டுப் பேரும் அவரை விட இளையவர்கள். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் "ஓலா, சார்" என்று எட்டுப் பேரும் சொல்வார்கள். வாரத்தில் மூன்று நாள் எட்டுப் பேர் தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறார்கள் என்பது எட்மண்டுக்குப் பெரிய வரவு. வீட்டுப்பாடத்தை ஒருநாளும் விட்டதில்லை. பத்து வாக்கியம் கேட்டால் பதினைந்து எழுதிக்கொண்டு போவார்.

ஒன்பதாம் மாதத்தில் புதுப் பாடம் வந்தது. நடந்ததைச் சொல்ல ஒரு வடிவம், நடக்கவேண்டும் என்று ஆசைப்படுவதைச் சொல்ல வேறொரு வடிவம். "பயப்படாதீங்க, வழக்கமான வினைச்சொல்லுக்கு இது ரொம்ப ஈஸி," என்றாள் ஸ்நேகா. "கடைசி எழுத்து ரெண்டும் வீடு மாத்திக்குது, அவ்ளோதான். ஆர்னு முடியற சொல்லுக்கு ஏ வரும். ஏர், ஈர்னு முடியறதுக்கு ஆ வரும்." பேசுகிறார் என்பதற்கு ஆப்லா என்றால், பேசவேண்டும் என்று விரும்பும்போது ஆப்லே. சாப்பிடுகிறார், கோமே; சாப்பிடட்டும் என்றால் கோமா. சபையில் வளர்ந்த எட்மண்டுக்கு இது புதிதாகவே இல்லை. தருவாராக, காப்பாராக, நடப்பதாக என்று சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய காது அவருடையது. வகுப்பிலேயே அவருக்குத்தான் முதலில் பிடிபட்டது.

சிக்கல் வீட்டுப்பாடத்தில் வந்தது. 'நான் விரும்புகிறேன்' என்று தொடங்கிப் பத்து வாக்கியம். எட்மண்ட் நான் நன்றாகச் சாப்பிட விரும்புகிறேன், நான் நிறைய வாசிக்க விரும்புகிறேன் என்று பதினைந்து எழுதி, எல்லாவற்றிலும் புது வடிவத்தைப் போட்டுக்கொண்டு போனார். பதினைந்திலும் சிவப்பு வட்டம்.

"சார், இதுல வேற ஆள் வேணும்," என்றாள் ஸ்நேகா. "நீங்க உங்களுக்கே ஆசைப்பட்டா இந்த வடிவம் வராது. அம்மா வரணும், ஃப்ரெண்டு போன் பண்ணணும், பையன் படிக்கணும், அந்த மாதிரி. உங்களைச் சுத்தி இருக்கறவங்களை வெச்சு எழுதுங்க."

மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எட்மண்ட் அன்றிரவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரைப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் 'தண்ணீர் லாரி வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்று ஒன்று, 'பக்கத்து வீட்டு நாய் சாப்பிடவேண்டும் என்று விரும்புகிறேன்' என்று ஒன்று. அந்த நாய் ஏற்கெனவே நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது வாக்கியத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அறுபத்தொரு வயதில் ஒரு மனிதனுக்குப் பத்துப் பேர் தேறவில்லையே என்று அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

அடுத்த மாதம் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால், ஜெப விண்ணப்பப் பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டார்: 'ஸ்பானிஷ் மொழிப் பரீட்சை எழுதுகிறேன். ஜெபித்துக்கொள்ளவும்.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆனால் எங்கள் பக்கத்துச் சபைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியவேண்டும். வரிசைக்கு இரண்டு பேர் நர்ஸ் வீட்டுக்காரர்கள். ஜெர்மன் பரீட்சை என்றால் ஜெர்மனி, இங்கிலீஷ் பரீட்சை என்றால் கனடா. பாஷைப் பரீட்சை எழுதிவிட்டு யாரும் தாம்பரத்திலேயே தங்கியதாகச் சரித்திரம் இல்லை. போதகர் ஜோஷ்வா சீட்டைப் படித்தார், மூக்குக் கண்ணாடிக்கு மேலே சபையைத் தேடினார், "எட்மண்ட் ஐயா, முன்னால வாங்க," என்றார். வெளிநாடு போகிறவர்களை அழைத்துத் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புவது அங்கே வழக்கம். எட்மண்ட் ஏதோ பரீட்சைக்காகத்தான் என்று நினைத்து முழங்கால் போட்டார். போதகர் விசாவுக்காக ஜெபித்தார். விமானத்துக்காக ஜெபித்தார். ஸ்பெயின் தேசத்துக் குளிர் அடியானைத் தாக்காதபடிக்கும் ஜெபித்தார். முந்நூறு பேர் ஆமென் சொன்னார்கள். ஜெபத்தின் நடுவில் எழுந்து "ஐயா, ஒரு திருத்தம்" என்று சொல்ல யாரால் முடியும்?

வெளியே வந்து சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். வாசலில் கெசியா அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாராளோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். இப்போது பொழிச்சலூரில் இருந்தாலும் சபை மாறாமல் வருகிறவர். அடக்கத்துக்குப் பிறகு எட்மண்டிடம் இன்றுதான் பேசுகிறார்.

"எப்ப எட்மண்ட் கெளம்பறீங்க? சாராள் இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பா."

கையை அவர் விடவில்லை. பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் வரிசையாகக் காத்திருந்தார்கள்.

"இன்னும் தேதி முடிவாகல, அக்கா," என்றார் எட்மண்ட்.

அந்த ஒரு வாக்கியம்தான் அவர் சொன்ன பொய். மற்றதையெல்லாம் சபையே சொல்லிக்கொண்டது. திங்கட்கிழமை ஒரு குடும்பம் வந்தது. செவ்வாய் வாலிபர் ஐக்கியத்தார் நான்கு பேர். புதன் அன்று பக்கத்து வீட்டு ராஜகோபாலன், தன் மச்சினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கனத்த கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "போட்டுப் பாருங்கோ சார், தோள்பட்டை சரியா இருக்கா," என்றார். பின்னாலேயே பட்டு மாமி காபியோடு வந்து, "வீட்டுச் சாவிய எங்ககிட்ட குடுத்துட்டுப் போங்கோ, செடிக்குத் தண்ணி ஊத்தறேன்," என்றார். சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்துக்கொட்ட நின்றுகொண்டிருந்த எட்மண்ட், இரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நோட்டு நிறைந்தது. கெசியா பேசவேண்டும் என்று விரும்புகிறேன். ராஜகோபாலன் உட்காரவேண்டும். பட்டு மாமி எங்கள் வீட்டில் சாப்பிடவேண்டும். வாலிபர்கள் பாடவேண்டும். ஸ்நேகா வாசித்துவிட்டு, "சூப்பர் சார், எல்லாமே கரெக்ட்," என்றாள். ஒரு சிவப்பு வட்டம்கூட இல்லை. அந்தப் பதினைந்து வாக்கியத்துக்கும் அடியில் ஒரு பொய் கிடக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் வாசல் மறுபடியும் அடைபட்டுவிடும். சொல்லாவிட்டால் என்றைக்காவது மாட்டிக்கொள்வோம். மாட்டிக்கொள்ளும் வரைக்கும் வரட்டுமே என்று மனசு சொன்னது. மனசு கெட்டது.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை மத்தியானம் கெசியா அக்கா இரண்டு பஸ் மாறி வந்தார். கையில் துணிப்பை. உள்ளே டேப் சுற்றிய ஒரு டப்பா.

"எட்மண்ட், ஒரு உபகாரம். ஷெர்வின் அங்கதான் இருக்கான், வலென்சியாங்கற ஊர்ல. பழம் பேக் பண்ற கம்பெனி. போனா இதைக் குடுத்துட்டு, மூஞ்சியப் பார்த்துட்டு வாங்க. அது போதும் எனக்கு."

ஷெர்வின் அவருடைய ஒரே மகன். எட்மண்டுக்குச் சின்ன வயதில் அவனைத் தெரியும். "ஏன் அக்கா, போன்ல பேசறதில்லையா?" என்று கேட்டார்.

"அவங்க அப்பா தவறினப்ப வரல. பேப்பர் ஏதோ சரியில்ல, வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்கன்னான். நான் இருந்த நெலமைல, அப்படின்னா இனிமே எனக்கு போனே பண்ணாதன்னு சொல்லிட்டேன்." கெசியா டப்பாவின் டேப்பை விரலால் அழுத்திவிட்டுக்கொண்டார். "சின்னதுலேர்ந்து நான் சொன்ன ஒரு பேச்சைக் கேட்டதில்ல அந்தப் பையன். இத மட்டும் கேட்டுட்டான். ரெண்டு வருஷம் ஆச்சு. நான் பண்ணினா எடுக்கறதில்ல." பிறகு நிமிர்ந்து சிரித்தார். "அன்னிக்கு சர்ச்சுல உங்களுக்கு ஜெபம் பண்ணினப்போ, கர்த்தர் எனக்காகத்தான் இவர அனுப்பறாருன்னு நெனச்சேன். ரெண்டு நாள் தூக்கமே வரல, சந்தோஷத்துல."

எட்மண்ட் டப்பாவை வாங்கிக்கொண்டார். அந்த நேரத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவரை நான் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்வேன், ஆனால் இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபமே வருகிறது. கெசியா பஸ் ஏறிப் போன பிறகு அந்த டப்பாவை மேஜை மேல் வைத்துக்கொண்டு ஞாயிறு முழுவதும் சாப்பிடாமல் இருந்தார். ஆராதனைக்கும் போகவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பல்லாவரம் வரைக்கும் பஸ், அங்கிருந்து பம்மல் வழியாக ஷேர் ஆட்டோ. "இன்னா சார், பார்சல் வெயிட்டா கீது, மடில வெச்சுக்கோ," என்றார் ஆட்டோக்காரர். மடியில்தான் வைத்திருந்தார். கெசியாவின் வீடு மாடிப் போர்ஷன். விமான நிலையம் பக்கம் என்பதால் பத்து நிமிஷத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கும்; அது போகும்வரை அந்தத் தெருவில் யாரும் பேசமாட்டார்கள். எட்மண்ட் ஒரு விமானம் போகட்டும் என்று காத்திருந்து, சொன்னார்.

"அக்கா, நான் ஸ்பெயினுக்குப் போகல. போறதா என்னிக்குமே இல்ல. சும்மாதான் படிக்கிறேன்."

கெசியாவுக்கு முதலில் புரியவில்லை. "விசா கெடைக்கலயா?"

"விசாவே கேக்கல, அக்கா. பரீட்சைக்குத்தான் ஜெபம் கேட்டேன். அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எல்லாரும் வீட்டுக்கு வந்தாங்க, அக்கா. சாராள் போனப்புறம் யாருமே வரல. நீங்க உட்பட."

அந்தக் கடைசி இரண்டு சொல்லைக் கேட்டதும் கெசியாவின் முகம் சிவந்துவிட்டது. "ஒரு சபையே உங்களுக்காக முழங்கால்ல நின்னுது. நான் ரெண்டு நாள் உக்காந்து முறுக்கு சுட்டேன். இவ்ளோ வயசாகி, தேவ சமுகத்துல கூசாம பொய் சொல்லியிருக்கீங்க. என் பிள்ள விஷயத்துல விளையாடியிருக்கீங்க, எட்மண்ட்."

"ஆமாக்கா. அடுத்த ஞாயிறு போதகர்கிட்ட சொல்லிடறேன். இனிமே உங்ககிட்ட ஒருநாளும் பொய் சொல்லமாட்டேன்." டப்பாவை முக்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து கெசியாவின் குரல் வந்தது. "போகத்தான் போகல. பேசவாவது வருமா?"

ஷெர்வின் முன்பு எப்போதோ கம்பெனி ஆபீஸ் நம்பர் ஒன்று கொடுத்திருந்தான். கெசியா ஒருமுறை அதற்குப் பண்ணியிருக்கிறார். ஒரு பெண் என்னவோ கடகடவென்று கேட்டாள், இவருக்குப் பதில் தெரியவில்லை, வைத்துவிட்டார். இப்போது அந்த நம்பரை எட்மண்டின் கையில் கொடுத்தார். மணி மூன்றரை, அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் என்று எட்மண்ட் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். என்ன சொல்லவேண்டும் என்று அவர் யோசிக்கவே தேவையில்லாமல் இருந்தது. பத்து வாக்கியம் எழுத ஆளில்லாமல் தவித்தவருக்கு, சொல்லியாகவேண்டிய வாக்கியம் ஒன்று இப்போதுதான் கிடைத்திருந்தது. ஒரு விமானம் வந்தது. அது போகும்வரை இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கெசியா நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டார்.

ஒரு பெண் எடுத்தாள். எட்மண்ட் எழுந்து நின்றுகொண்டார். "புவெனோஸ் தியாஸ், செஞ்ஞோரா. கியெரோ கே ஷெர்வின் யாமே ஆ சு மாத்ரே." ஷெர்வின் தன் அம்மாவுக்கு போன் பண்ணவேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு தப்பு இல்லை. ஸ்நேகா கேட்டிருந்தால் கைதட்டியிருப்பாள்.

அந்தப் பெண் ஏதோ கேட்டாள். எட்மண்ட் போனைப் பொத்திக்கொண்டார். "அவசரமான்னு கேக்கறாங்க."

கெசியா யோசித்தார். "இல்லன்னு சொல்லுங்க. அவசரம்னா பயந்துடுவான்."

இல்லை என்றார். அம்மா இங்கே பக்கத்தில் இருக்கிறார் என்றும் சொன்னார். அந்தப் பெண்ணின் குரல் இளகியது. இருங்கள், அவன் இங்கேதான் நிற்கிறான் என்றாள். பிறகு அவள் அவனைக் கூப்பிடுவதும், பெட்டிகள் நகர்த்தும் சத்தமும், கொஞ்சம் தள்ளி ஓர் ஆண் குரலும் கேட்டன. நான்கே சொல். குரல் தணிந்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

"அவன்தான்!" கெசியா எட்மண்டின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "அவன் குரல்தான், எட்மண்ட். கொஞ்சம் கனமாயிருக்கு. என்ன சொன்னான், என்ன சொன்னான்?"

அந்த நான்கு சொல்லும் எட்மண்டுக்குப் புரிந்துவிட்டன. முதல் மாதப் பாடத்திலேயே வருகிற சொற்கள். புரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். போனில் அந்தப் பெண் திரும்பி வந்து, கொஞ்சம் தயங்கி, மன்னிக்கவேண்டும், ஷெர்வின் இப்போது இங்கே இல்லை என்றாள். எட்மண்ட் நன்றி சொன்னார். போன் அடங்கியது.

கெசியாவின் கண் இரண்டும் அவர் முகத்திலேயே இருந்தன. பையனின் குரலைக் கேட்ட சந்தோஷம் இன்னும் அந்த முகத்தை விட்டுப் போகவில்லை. வேலையாக இருக்கிறான், அப்புறம் பண்ணுவான் என்று சொல்லலாம். நல்லா இருக்கீங்களா என்று விசாரிக்கிறான் என்று சொல்லலாம். என்ன சொன்னாலும் சரிபார்க்க அங்கே ஆளில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே அறையில் உட்கார்ந்து கொடுத்த வாக்குதான் இருந்தது.

"நான் இங்க இல்லன்னு சொல்லிடுன்னு அந்தம்மாகிட்ட சொல்றான், அக்கா."

கெசியா அவர் சட்டைக் கையை விட்டார். உட்கார்ந்தார். அடுத்த விமானம் வந்து, வீட்டை ஒரு அதிர்வு அதிர வைத்துவிட்டு இறங்கிப் போயிற்று. எட்மண்ட் நின்றுகொண்டே இருந்தார்.

"சபைக்கே அவ்ளோ பெரிய பொய்ய சொன்னீங்களே, எட்மண்ட்," என்றார் கெசியா கடைசியில். குரலில் கோபம் இல்லை. "எனக்கு ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

எட்மண்ட் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார். போங்கள் என்று கெசியா சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. எட்மண்ட் அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இருட்டும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.